சிங்கர் ஃபெதர்வெயிட் 221: குட்டி குவில்ட் தைப்பவர்களுக்கு ஏற்ற ஐந்து கிலோ மிஷின்

நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். குட்டி குவில்ட் தைக்கப் பிடிக்கும், அதையும் வீட்டில் தனியாக இல்லாமல் நாலு பேரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே தைக்கப் பிடிக்கும் என்றால், பழைய சிங்கர் ஃபெதர்வெயிட் 221 ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிவிடுங்கள். நான் வாங்கி நாலரை வருஷம் ஆகிறது. இதுவரை அதில் 31 குட்டி குவில்ட் தைத்திருக்கிறேன். வீட்டில் மிச்சம் இருப்பது ஒன்பதுதான், மற்றதெல்லாம் தோழிகள் வீட்டுச் சுவரிலும் சாப்பாட்டு மேஜையிலும் அவர்கள் பேத்திகளின் பொம்மைத் தொட்டிலிலும் இருக்கின்றன.

குவில்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு வரி. துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த ஒரு முகப்பு மேலே, பஞ்சு விரிப்பு நடுவே, முழுத்துணி ஒன்று அடியில், இந்த மூன்றையும் ஊடுருவிப் போகிற தையல், அவ்வளவுதான். ஒரு பக்கம் 24 இன்ச்சுக்குள் அடங்கினால் பொதுவாக அதைக் குட்டி என்கிறார்கள். கட்டிலுக்குப் போடுகிற அளவில் பெரிய குவில்ட் ஒன்றை நானும் ஆரம்பித்தேன். பதினான்கு மாதம் இழுத்தது, முடித்தபோது அப்பாடா என்றுதான் இருந்தது. குட்டியில் அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி துணி வெட்டினால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஓரப்பட்டி அடித்துக் கையில் எடுத்துப் பார்த்துவிடலாம். சரியாக வராவிட்டாலும் போனது அரை கஜம் துணிதான். அதனாலேயே மஞ்சளோடு ஊதா சேருமா, பச்சைக்குப் பக்கத்தில் அரக்கு நிற்குமா என்று துணிந்து போட்டுப் பார்க்கலாம். எனக்கு நிறங்களைச் சேர்க்கத் தெரிந்ததே இந்தக் குட்டிகளால்தான்.

இப்போது மிஷின். 1933இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சி சமயத்தில் சிங்கர் இதை வெளியிட்டது. அதற்கு முன்னால் வீட்டுத் தையல் மிஷின் என்றால் பெரும்பாலும் வார்ப்பிரும்பு, நம் ஊர் கால் மிஷினின் தலையைத் தனியாகக் கழற்றித் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கனம் தெரியும். இது அலுமினிய உடம்பு, சுமார் 11 பவுண்டு, அதாவது ஐந்து கிலோ. இடது பக்கத்துப் பலகையை மேலே மடக்கிவிட்டால் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிடும். 1960களின் கடைசி வரை தயாரித்திருக்கிறார்கள். பளபளக்கும் கறுப்பு, அதன்மேல் தங்கநிறப் பூவேலை. முதல்முறை பார்த்தபோது எனக்கு மன்னார்குடி வீட்டுக் கூடத்தில் அம்மா வைத்திருந்த உஷா மிஷினின் குட்டித் தங்கை மாதிரி இருந்தது. நேர்த்தையல் மட்டும்தான் போடும். வளைவுத் தையல் (ஜிக்ஜாக்), பொத்தான் துளை, பூ எல்லாம் கிடையாது. குட்டி குவில்ட்டுக்கு நேர்த்தையலைத் தவிர வேறு எதுவும் தேவையும் இல்லை.

நான் இதை வாங்கிய கதையைச் சொன்னால்தான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று புரியும். நியூஜெர்சிக்கு வந்து ஏழெட்டு வருஷம் வரைக்கும் எனக்கு இங்கே தோழி என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. கோயிலில் பார்த்தால் சிரிப்பார்கள், பிள்ளைகளின் பள்ளி வாசலில் இரண்டு வார்த்தை பேசுவார்கள், அதோடு சரி. எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் மாதம் இரண்டாவது சனிக்கிழமை குவில்ட் தைப்பவர்கள் கூடுகிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு ஒருநாள் போனேன். எட்டுப் பேர். ஆளுக்கொரு மிஷின், நடுவே ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு மூலையில் காபியும் யாரோ வீட்டில் செய்துகொண்டு வந்த ஆப்பிள் கேக்கும். எனக்கு அந்த அறையை விட்டு வரவே மனசில்லை.

ஆனால் என்னிடம் அப்போது இருந்தது ஒன்பது கிலோ எடையுள்ள புது மிஷின். நாங்கள் இருந்த அடுக்ககத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வலது தோளில் ஏற்கெனவே வலி. இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போனேன், மூன்றாவது மாதம் போகவில்லை, நாலாவது மாதமும் போகவில்லை. அப்போதுதான் அந்தக் கூட்டத்தில் மூத்தவர், எண்பதை நெருங்குகிறவர், ஓய்வு பெற்ற நர்ஸ், எனக்கு ஃபோன் செய்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தோள்வலியைச் சொன்னேன். வெறுங்கையோடு வா, என்னிடம் இரண்டு இருக்கிறது என்றார். அந்த இரண்டாவதுதான் ஃபெதர்வெயிட். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதில் தைத்த நாலு மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். அவருடைய அம்மா எலிசபெத் நகரத்து சிங்கர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம், சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பிடித்து வாங்கிய மிஷினாம். அந்தத் தொழிற்சாலை 1873இல் திறந்து 1982இல் மூடியது, எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் தூரத்தில் இருக்கிற ஊர். பெயர் சொல்லித்தான் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கூப்பிடுகிறேன், ஆனால் பாட்டி வயசுக்காரரைப் பெயர் சொல்லும்போது இன்றைக்கும் நாக்கு ஒரு நொடி தயங்கத்தான் செய்கிறது.

அதற்கப்புறம் எனக்கென்று ஒன்று தேட ஆரம்பித்து, மூன்று மாதம் கழித்து ஒரு வீட்டுப் பழைய சாமான் விற்பனையில் 375 டாலருக்குக் கிடைத்தது. 1951ஆம் வருஷத்து மிஷின். சிங்கர் கம்பெனியின் நூறாவது ஆண்டு அது, அதனால் முன்னால் இருக்கிற வட்ட முத்திரையில் 1851, 1951 என்று இரண்டு வருஷமும் நீல விளிம்போடு இருக்கும். இதற்காகவே தேடி வாங்குபவர்கள் உண்டு, எனக்குத் தற்செயலாக அமைந்தது. விற்றவர் "நன்றாக ஓடுகிறது" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் பூஞ்சை நாற்றம் மூக்கைத் துளைக்கிறது, பெடலுக்குப் போகிற ஒயரின் ரப்பர் ஓரிடத்தில் வெடித்துச் செம்பு தெரிகிறது. இதைச் சொல்லாமல் விற்றதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு, மின்சாரம் பாய்கிற சாமான் அது. ஒயரை மாற்ற 40 டாலர் ஆனது.

சுத்தம் செய்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்துப் போய் மேஜையில் பழைய துண்டு ஒன்றை விரித்து, மிஷினைக் கவிழ்த்து, அடித்தட்டின் திருகைக் கழற்றினோம். அடித்தட்டில் ஒட்டியிருந்த கம்பளித்துணி எழுபது வருஷ எண்ணெயைக் குடித்துக் கரும்பழுப்பாகிக் கிடந்தது. ஊசித்தட்டைக் கழற்றியதும் துணியை நகர்த்துகிற பற்களின் இடுக்கில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. மூத்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஊக்கு முனையால் நெம்பி, மெதுவாக இழுத்தார். ஒரு சின்ன மெத்தை மாதிரி அழுத்தி இறுகிப் போன பஞ்சு, கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வரி வரியாக நிறம் தெரிந்தது. அடியில் வெளிர் ரோஜா, அதன்மேல் ஒரு நீலம், அதன்மேல் வெள்ளை, மேலே கொஞ்சம் மஞ்சள். யாரோ ஒரு பெண் எந்தெந்த வருஷம் எந்தெந்த நிறத்தில் தைத்தார் என்பது அப்படியே படிந்திருந்தது. ரோஜா நிறத்தைப் பார்த்து, பெண் குழந்தை பிறந்திருக்கும் என்றார் ஒருத்தர். எல்லாரும் தையலை நிறுத்திவிட்டு வந்து அந்தத் துணுக்கைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். நான் அதை ஒரு பாபின் (அடிநூல் சுற்றுகிற சின்ன உருளை) டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

சரி, தையலில் எப்படி என்று கேட்டால், குட்டித் துண்டுகளுக்கு இதைவிட நல்ல மிஷினில் நான் உட்கார்ந்ததில்லை. காரணம் ரொம்ப எளிமையானது. நேர்த்தையல் மட்டும் போடுகிற மிஷின் என்பதால் ஊசித்தட்டில் இருப்பது ஊசி போகிற அளவுக்குச் சின்ன வட்ட ஓட்டை. வளைவுத் தையல் போடுகிற மிஷின்களில் அது நீளவாட்டுத் துளையாக இருக்கும், ஒன்றரை இன்ச் சதுரத்தின் மூலையையோ முக்கோணத்தின் கூர்முனையையோ வைத்தால் அப்படியே உள்ளே இழுத்து மென்றுவிடும். இதில் கூர்முனை அப்படியே மேலே நிற்கிறது. உள்ளே எல்லாம் உலோகப் பற்சக்கரங்கள், தையல் ஒரே சீராக விழுகிறது, சத்தமும் ஒரு மெல்லிய முனகல்தான். ஆறு பேர் சேர்ந்து ஓட்டினாலும் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும். கூட்டமாகத் தைக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உரத்துச் சத்தம் போடும் மிஷினோடு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

குட்டியில் அளவுதான் எல்லாம். ஒரு உதாரணம் சொல்கிறேன், நான் அடிக்கடி தைக்கிற மாதிரி. ஒன்றரை இன்ச்சாக வெட்டிய ஒன்பது சதுரங்களைச் சேர்த்தால், ஒவ்வொன்றிலும் நாலு பக்கமும் கால் இன்ச் தையலுக்குள் போய்விடுவதால், மூன்று இன்ச் கட்டம் ஒன்று வரும். அப்படிப் பதின்மூன்று கட்டமும், துண்டு போடாத முழுத்துணியில் பன்னிரண்டு கட்டமும் எடுத்து, சதுரங்கப் பலகை மாதிரி மாற்றி மாற்றி ஐந்துக்கு ஐந்து வைத்தால் 15 இன்ச் முகப்பு தயார். பதின்மூன்றை ஒன்பதால் பெருக்கினால் 117 சின்னச் சதுரம். எல்லாத் தையலும் விளிம்பிலிருந்து சரியாகக் கால் இன்ச்சில் போக வேண்டும். மாகாணி இன்ச், அதாவது பதினாறில் ஒரு பங்கு, உள்ளே தள்ளிப் போய்விட்டது என்று வையுங்கள். இரண்டு துண்டிலும் மாகாணி போகிறது, ஆக ஒரு தையலுக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு, நஷ்டம். முதல் வரிசையில் பத்துத் தையல் வரும், ஒன்றேகால் இன்ச் குறையும். இரண்டாவது வரிசையில் எட்டுத் தையல்தான், ஒரு இன்ச் குறையும். இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்தால் கால் இன்ச் வித்தியாசம், மூலைகள் சேரவே சேராது. என் தாத்தா வாய்ப்பாடாக ஒப்பித்த மாகாணியும் அரைக்காலும் எனக்கு வாழ்க்கையில் பயன்பட்டது இங்கேதான். 1951 மிஷினின் ஊசித்தட்டில் அளவுக்கோடு எதுவும் பொறித்திருக்காது, அதனால் ஊசியிலிருந்து கால் இன்ச் அளந்து, பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டுகிற நீல டேப்பை நாலைந்து மடிப்பாகப் போட்டு ஒரு வரம்பு மாதிரி ஒட்டியிருக்கிறேன். துணி அதில் உரசிக்கொண்டே போகும். இந்த யோசனையும் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னதுதான்.

நூலை வெட்டாமல் ஒரு ஜோடி முடிந்ததும் அடுத்த ஜோடியை உள்ளே விட்டுக்கொண்டே போவோம். அரை மணியில் மிஷினுக்குப் பின்னால் சின்னச் சின்னத் துண்டுகள் நூலில் கோத்து மாவிலைத் தோரணம் மாதிரி தொங்கும். எதிரே இருப்பவர் அதை எடுத்து வெட்டி, இஸ்திரி போடுபவர் கையில் கொடுப்பார். இப்படி ஒருத்தர் தையலை ஒருத்தர் வாங்கிச் செய்யும்போது பேச்சும் தானாக வந்துவிடுகிறது. கண் துணியில் இருப்பதால் முகம் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் சொல்லிவிட முடிகிறது. ஒருத்தருக்கு விவாகரத்து நடந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரிய வந்தது இப்படித்தான். எனக்கு அப்பா தவறியபோது ஊருக்குப் போக முடியாமல் இருந்ததை நான் சொன்னதும் இப்படித்தான்.

அந்தக் கூட்டத்தில் இன்னொருவர் கணவருக்கு ஞாபகமறதி நோய் வந்து ஆறு வருஷம் பார்த்துக்கொண்டவர். ஏமி சிம்ஸ் என்கிற குவில்ட் கலைஞர் 2006இல் அல்சைமர் ஆராய்ச்சிக்காக ஆரம்பித்த ஒரு முயற்சியைப் பற்றி அவர்தான் எனக்குச் சொன்னார். அஞ்சல் அலுவலகத்தின் அட்டை உறைக்குள் அடங்குகிற மாதிரி 9க்கு 12 இன்ச் அளவுக்குள் குட்டி குவில்ட் தைத்து அனுப்பினால் அதை விற்றோ ஏலம் விட்டோ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பார்கள். 2013இல் அந்த முயற்சி முடிந்தபோது பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது. இவரும் நாலு அனுப்பியிருக்கிறார், நாலும் கணவரின் பழைய சட்டைகளில் தைத்தது. சட்டைப் பையை அப்படியே வைத்துத் தைத்தேன் என்று சொல்லும்போது அவர் மிஷினை நிறுத்தவில்லை, தைத்துக்கொண்டேதான் சொன்னார்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பெரிய குவில்ட்டுக்கு மூன்று அடுக்கையும் சேர்க்கிற கடைசித் தையலை இதில் போடுவது கஷ்டம், ஊசிக்கும் மிஷினின் உடம்புக்கும் நடுவே இடம் குறைவு, சுருட்டி நுழைக்க முடியாது. 221இல் துணி நகர்த்தும் பற்களைக் கீழே இறக்க முடியாது, அதனால் கையால் துணியை நகர்த்திப் பூவேலை மாதிரி தைக்க ஆசைப்படுபவர்கள் வேறு மிஷின் பார்ப்பதே நல்லது. பாபின் தனி வகை, பெரும்பாலான மற்ற மிஷின்களுடையது பொருந்தாது, நூலும் சீக்கிரம் தீரும். நான் மெல்லிய 50ஆம் நம்பர் பருத்தி நூல் போட ஆரம்பித்தபிறகு பரவாயில்லை. விளக்கு பயங்கரமாகச் சுடும், ஒருதரம் விரலில் பட்டுக் கொப்புளமே வந்தது. உடனே எல்இடி பல்புக்கு மாறிவிட்டேன், நீங்கள் வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். ஊசியின் தட்டையான பக்கம் இடது கைப்பக்கம் பார்க்க வேண்டும், நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் இதை மாற்றிச் செய்துவிட்டுத்தான் மிஷின் தைக்கவில்லை என்று முறையிடுகிறார்கள். தையல் நீள எண்ணும் தலைகீழ், இன்ச்சுக்கு இத்தனை தையல் என்று 6 முதல் 30 வரை இருக்கும், எண் கூடினால் தையல் குட்டியாகும். துண்டு இணைக்க நான் 15இல் வைக்கிறேன். முதல் தையலில் நூல் நுனி இரண்டையும் விரலால் பிடித்துக்கொள்ளாவிட்டால் அடியில் சிக்கிக்கொண்டு மிஷினே பூட்டிக்கொள்ளும், அதனால் எப்போதும் ஒரு கழிவுத் துண்டில் ஆரம்பித்துவிட்டு அப்புறம் நல்ல துணியை விடுங்கள். மோட்டாரில் இருக்கிற இரண்டு துளைகளில் எண்ணெய் விடவே கூடாது, அதற்கென்று விற்கிற கிரீஸ்தான் போட வேண்டும். மற்ற இடங்களுக்குத் தையல் மிஷின் எண்ணெய், ஒரு இடத்துக்கு ஒரு சொட்டு.

துணி விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கே கடைகளில் ஐந்து இன்ச் சதுரமாக வெட்டி 42 துண்டுகளைக் கட்டாக விற்பார்கள், அழகாகத்தான் இருக்கும், விலையும் இருக்கும். என் பீரோவில் இருந்ததோ இருபது வருஷத்து ஜாக்கெட் பிட். கல்யாணம், வளைகாப்பு, கொலு என்று வெற்றிலை பாக்கோடு வந்து சேர்ந்தது, தைக்காமலே மடித்த மடிப்போடு இருந்தது. இரண்டுக்கு இரண்டு ரூபியா பருத்தி குட்டித் துண்டுகளுக்கு அவ்வளவு பொருத்தம், மெல்லிசு, நெருக்கமான நெசவு, பிசிறு அதிகம் வராது, நாலு துணி சேருகிற மூலையும் தடிக்காமல் படிந்து உட்காரும். நிறத்தைக் கேட்கவே வேண்டாம். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, ராமர் பச்சை, எதைக் கொண்டு போனாலும் என் மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் போட்டு எடுக்காமல் தைக்காதீர்கள். அரக்கும் வெள்ளையுமாக நான் தைத்த ஒன்று, 117 சதுரம் போட்ட அதே மாதிரி, முதல் அலசலிலேயே சாயம் இறங்கி வெள்ளையெல்லாம் ரோஜாவாகிவிட்டது. ராத்திரி பத்து மணி. அழுகையே வந்துவிட்டது. மூத்தவருக்கு ஃபோன் செய்தேன். காயவிட்டுவிடாதே, காய்ந்து இஸ்திரியும் போட்டுவிட்டால் சாயம் ஒட்டிக்கொள்ளும் என்றார். குளியல் தொட்டியில் கை பொறுக்கிற அளவைவிடக் கொஞ்சம் அதிகச் சூட்டில் நிறையத் தண்ணீர், பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவம் கொஞ்சம், குவில்ட் முழுக்க முங்கி இருக்க வேண்டும், காற்றில் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது, ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, நான் செய்து முடிக்கிற வரை ஃபோனை வைக்காமல் இருந்தார். காலையில் தண்ணீர் சிவப்பு, குவில்ட் வெள்ளை. மறுபடியும் ஒருதரம் ஊறப்போட்டதும் மிச்சமும் போய்விட்டது.

போன வருஷம் நவராத்திரிக்கு இவர்கள் எல்லாரையும் கொலுவுக்குக் கூப்பிட்டேன். ஒன்பது படிக்கும் ஒன்பது குட்டி குவில்ட் விரித்திருந்தேன், மரப்பாச்சி தம்பதிக்குக் கீழே அந்த அரக்கு வெள்ளைதான். சுண்டல் சாப்பிட்டார்கள், பொம்மைகளைப் பார்த்ததைவிடக் குனிந்து படியில் இருந்த தையலைத்தான் அதிகம் பார்த்தார்கள். கிளம்பும்போது எல்லாருக்கும் தாம்பூலம் கொடுத்தேன், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு ஜாக்கெட் பிட். மற்ற வீடுகளில் கொடுத்தால் இதை என்ன செய்வது என்று யோசிப்பார்கள், இவர்கள் வாசலிலேயே பிரித்துத் துணியைத் தடவிப் பார்த்து, நூல் எண்ணிக்கையைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போனால் என் நாற்காலியில் ஒரு பொட்டலம். எட்டுப் பேரும் அவரவர் ஜாக்கெட் பிட்டிலிருந்து ஒரு கட்டம் தைத்து, நடுவில் ஒன்பதாவதாகப் பழைய ரோஜாத் துணியில் ஒன்று வைத்து, 18 இன்ச்சுக்கு ஒரு குவில்ட். பின்பக்கத்தில் எல்லாருடைய கையெழுத்தும் தேதியும். நடுவில் ஏன் ரோஜா என்று கேட்டேன். உன் மிஷினுக்குள் இருந்தவளுக்கும் ஒரு இடம் வேண்டாமா என்றார் மூத்தவர். வீடியோவில் அம்மாவிடம் காட்டினேன். திருப்பிக் காட்டு, பின்பக்கத் தையலைப் பார்க்கிறேன் என்றாள், பார்த்துவிட்டு, நன்றாகத் தைக்கிற பெண்டுகள், விட்டுடாதே என்றாள்.

வாங்கப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது: ஒயர் வெடித்திருக்கிறதா, கைச்சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா, பாபின் கேஸ் கூடவே இருக்கிறதா. கடைசியது ரொம்ப முக்கியம், தனியாக வாங்கினால் விலை கடிக்கும். ஒரு துண்டுத் துணியைக் கையோடு கொண்டு போய் நீங்களே தைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தங்கப் பூவேலை தேய்ந்திருந்தால் கவலைப்படாதீர்கள், பேரம் பேச உதவும். பெட்டியின் பூஞ்சை நாற்றத்துக்கு இரண்டு நாள் நல்ல வெயில், அப்புறம் ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா வைத்து மூடி ஒரு வாரம், எனக்கு அதிலேயே போய்விட்டது. இங்கே கிடைப்பது 110 வோல்ட் மிஷின், ஊருக்கு எடுத்துப் போனால் வோல்டேஜ் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகவே கூடாது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதற்காக அலைய வேண்டியதும் இல்லை, வீட்டில் இருக்கிற நேர்த்தையல் கால் மிஷினுக்கும் அதே சின்ன ஓட்டைதான், குட்டித் துண்டுகள் அருமையாக வரும். தூக்கிக்கொண்டு போகத்தான் முடியாது, அதற்குப் பதிலாகத் தோழிகளை வீட்டுக்கு வரவழைத்துவிடுங்கள்.

எங்கள் கூட்டத்தில் இப்போது ஐந்து ஃபெதர்வெயிட் இருக்கிறது. ஆறாவதைப் போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு தைவான்காரப் பெண் வாங்கியிருக்கிறாள், என்னுடையதைத் தூக்கிப் பார்த்த அன்றே முடிவு பண்ணிவிட்டாளாம். மிஷினில் பொறித்திருக்கிற சீரியல் நம்பர் ஏ-யில் ஆரம்பிக்கிறது, அதுவும் எலிசபெத்தில் செய்ததுதான். ஊசித்தட்டுக்கு அடியில் இன்னும் யாரும் கைவைக்கவில்லை, எல்லாரும் வந்த பிறகுதான் கழற்ற வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாள். இந்தச் சனிக்கிழமை கவிழ்க்கப் போகிறோம். பழைய பல்துலக்கும் பிரஷ் இரண்டும், ஒரு காலி பாபின் டப்பாவும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.